நெருப்புச் சுவரும் கடதாசி விளக்கும்

யப்பானிய மொழியிலே, வாழ்க்கையில் மேனிலை அடையாத ஒருவனைக் குறித்து, 'அவனுக்கு உடட்சு எழவில்லை' என்று சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. பல்லாண்டு உழைத்தும் பதவி உயராத எழுதுவினைஞனைப் பற்றியும், கடை வைத்தும் கடன் தீராத வணிகனைப் பற்றியும் அவ்வாறு பேசுவர். பேசுவோருள் மிகப் பலர் உடட்சு என்ற பொருளைத் தம் கண்ணாற் கண்டவரல்லர். செக்குமாட்டை உவமையாகக் கூறுவோருட் செக்கைக் கண்டவர் இன்று எத்தனை பேர்? பொருள் மறைந்த பின்னரும் சொல் நெடுநாள் வாழும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும், உடட்சு என்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் செல்லத்தக்க ஊர் ஒன்று உண்டு. அது மினோ நகரம். யப்பானின் நடுப்பாகத்திலே, கிபு மாகாணத்தில், மலைகளுக்கிடையே நாகரா ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்தது. சட்டப்படி அது ஒரு மாநகரமே. சனத்தொகையை நோக்கினால் 20,000 அளவினதான சிறிய ஊர். அவ்வூரின் பழைய வீதிகளில், 1994ஆம் ஆண்டு தொடக்கம், ஒக்டோபர் மாதத்தில் ஒரு கலைவிழா நடைபெற்று வருகின்றது. 'மினோ வாஷி அகாரிக் கலைக் காட்சி' என்பது அதன் பெயர். வாஷி என்பது யப்பானியக் கடதாசி; அகாரி என்பது ஒளி. கடதாசியினால் ஆக்கப்பெற்று உள்ளே விளக்கேற்றப்பட்ட நூற்றுக்கணக்கான கலைப்பொருள்கள், நூற்றாண்டுகள் கடந்த வீடுகளின் வாயில்களிலே வரிசையாக வைக்கப்படும். மண்டபமும் இல்லை, மேடையும் இல்லை. ஊரே மண்டபம்.

இவ்விழாவின் அழகை மாத்திரம் வருணித்தால் அதன் பொருளிற் பாதி விடுபட்டுப்போம். நெருப்புக்கு அஞ்சி நடுங்கிய ஊர் ஒன்று, எளிதில் தீப்பற்றும் கடதாசியினுள்ளே விளக்கை ஏற்றி வீதியில் வைத்து மகிழ்கின்றதென்றால், அதன் பின்னணியை அறிதல் வேண்டும். அவ்வீடுகள் யாருடைய உழைப்பினால் எழுந்தன என்பதும் அறியத்தக்கது.

இவ்வூரின் பழைய பெயர் கோஸுச்சி. மினோ என்பது முன்னாளில் அப்பகுதி முழுவதற்கும் வழங்கிய நாட்டுப் பெயர்; அப்பெயரை ஊர் தனதாக்கிக்கொண்டது 1911ஆம் ஆண்டிலேதான். 1600ஆம் ஆண்டிலே செக்கிகஹாரா என்னுமிடத்தில் நடந்த பெரும்போர் யப்பானின் ஆட்சியைத் தொக்குகாவா குடும்பத்தின் கையில் ஒப்புவித்தது. அப்போரில் வென்றவர் பக்கம் நின்ற கானமோரி நாகச்சிகா என்னும் பிரபுவுக்கு இப்பகுதி உரித்தாயிற்று. அவர் ஓகுராயாமா என்ற குன்றிலே கோட்டையை எழுப்பினார். ஆற்றங்கரையிலிருந்த பழைய ஊர் வெள்ளத்தினால் இடருற்றமையால், குடிகளை மேட்டு நிலத்தில் ஏற்றிப் புதிய ஊர் ஒன்றை வகுத்தார். இரண்டு நெடுந்தெருக்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் நான்கு சந்துகள். மேலிருந்து நோக்கினால், சீன எழுத்தில் 'கண்' என்ற சொல்லை எழுதும் வடிவம் தோன்றும். அந்த வடிவம் நானூறு ஆண்டு கழிந்தும் அழியவில்லை.

பிரபுவின் கோட்டை நெடுநாள் நிலைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது கைவிடப்பட்டது. வாளேந்தியவர் சென்றனர், தராசேந்தியவர் தங்கினர். அடிவாரத்து ஆற்றுத் துறையிலிருந்து படகுகள் கடதாசியும் விறகும் பிற பண்டங்களும் ஏற்றிக்கொண்டு கீழ்நோக்கிச் சென்றன. அத்துறையில் ஏறக்குறைய 9 மீற்றர் உயரமான மர வெளிச்சவீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. கடலுக்கு வெளிச்சவீடு உண்டென்பதை யாவரும் அறிவர். ஆற்றுக்கு வெளிச்சவீடு கட்டிய ஊர் இது. இரவில் வரும் ஓடக்காரனுக்குத் துறையைக் காட்டுதற்கு ஏற்றிய அந்த ஒளியே மினோ நகரத்தின் பழைய அகாரி எனலாம்.

வெள்ளத்துக்குத் தப்பி மேட்டில் ஏறிய ஊருக்கு வேறொரு துன்பம் காத்திருந்தது. மேட்டு நிலத்தில் நீர் அரிது. வீடுகளோ மரத்தினால் ஆனவை. ஒன்றோடொன்று தோளுரச நெருங்கியவை. உள்ளே குவிந்திருந்த சரக்கோ கடதாசி. ஒரு வீட்டில் தீப்பொறி விழுந்தால் தெருவே சாம்பராகும். பதினெட்டாம் நூற்றாண்டிலே பெருந்தீயொன்று ஊரை அழித்த செய்தியும் வரலாற்றில் உண்டு. தீயைத் தடுக்கும் அகிபாத் தெய்வத்துக்கு வீதிகளிற் சிறு கோயில்கள் எடுத்தனர். இடம் போதாத இடத்துக் கூரையின் மீதே தெய்வத்தை எழுந்தருளச் செய்தனர். கையினாற் செய்யக்கூடியதையும் செய்தனர். அதுவே உடட்சு.

உடட்சு என்பது வீட்டின் இரு பக்கச் சுவர்களையும் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் அமைப்பு. அயல்வீட்டில் மூண்ட நெருப்பு தன் கூரைக்குத் தாவாதபடி மறித்து நிற்கும் சுவர் அது. சுவரின் தலையில் மழைநீர் இறங்காதவாறு ஒரு சிறு ஓட்டுக்கூரை. அந்த ஓட்டுக்கூரையின் முகப்பிலே அலங்கார ஓடு. இங்கேதான் மனித இயல்பு தலைகாட்டிற்று. தீக்கு அஞ்சி எழுப்பிய சுவர், பொருள் படைத்தவனின் பெருமைக்கு அடையாளமாயிற்று. ஒருவன் ஓட்டிற் கொடுமுகம் வைத்தால் அடுத்தவன் அதனிலும் பெரிய கொடுமுகம் வைத்தான். ஒருவன் முகப்பை வளைத்தால் மற்றவன் அதிற் பூவேலை செய்தான். தெருவின் ஒரு முனையில் நின்று மேலே நோக்கினால், வீட்டுக்கு வீடு வேறுபட்ட இந்தச் சுவர்த் தலைகள் படிப்படியாகத் தொடர்வதைக் காணலாம். உடட்சு எழுப்ப வல்லவன் செல்வன். எழுப்ப மாட்டாதவன் வறியன். 'உடட்சு எழாதவன்' என்ற தொடர் பிறந்த வரலாற்றைப் பலர் பலவாறு கூறுவராயினும், பெருவழக்கான விளக்கம் இதுவே.

இவ்வீடுகளுட் பெரியது இமாய் குடும்பத்தாரின் பழைய இல்லம். அவர்கள் கடதாசி மொத்த வணிகர். இன்று அவ்வில்லம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்த நூதனசாலையாக இருக்கின்றது. அதன் முற்றத்திலே ஒரு விந்தை உண்டு. நிலத்தினுள்ளே ஒரு சாடியைக் கவிழ்த்துப் புதைத்து, அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீரைத் துளி துளியாக விழவிடுவர். துளி உள்ளே விழுந்தவுடன், யாழின் நரம்பைத் தொட்டாற் போன்ற ஓசை நிலத்தின் கீழிருந்து எழும். யப்பானிய அரசின் சூழல் திணைக்களம் 1996ஆம் ஆண்டிலே, பேணத்தக்க நூறு ஓசைகளைத் தெரிந்து பட்டியலிட்டபோது, உடட்சு நகரத்தின் இந்த நீரோசையையும் சேர்த்துக்கொண்டது. கட்டடங்களைப் பேணும் நாடுகள் பல உண்டு. ஓசையையும் பேணத்தக்க செல்வமாக எண்ணிய நாடு அதிகம் இராது. மற்றொரு பெரிய வீடு கொசாக்கா குடும்பத்தாருடையது. அவர்கள் அரிசி மது வடிப்போர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அவ்வீட்டின் கூரை, யானையின் முதுகு போல மெல்ல மேல்வளைந்து இறங்குவது.

இனி, இச்செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

நாரா நகரிலுள்ள ஷோசோயின் என்னும் அரச பண்டகசாலையிலே, கி.பி. 702ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குடிக்கணக்கு ஏடுகள் காக்கப்பட்டு வருகின்றன. யப்பானில் ஆக்கப்பட்டு இன்றளவும் எஞ்சிய கடதாசிகளுள் மிகப் பழையவை அவை. அவற்றுள் ஒரு பகுதி மினோ நாட்டுக் கடதாசி. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இக்கைத்தொழில் அப்பள்ளத்தாக்குகளில் அறாது நடந்து வந்திருக்கின்றது. பிற்காலத்திலே, மாதத்தில் ஆறு நாள் கூடும் சந்தையிற் கடதாசி விலைப்பட்டது. வீடுகளின் தள்ளுகதவுகளுக்கு ஒட்டும் வெண்கடதாசியில் மினோவுக்கு நிகர் மினோவே என்று பெயர் பெற்றது. 'மினோ அளவு' என்பது வணிகரிடையே கடதாசிக்கு ஒரு பொது அளவாகவும் வழங்கிற்று.

கடதாசி செய்தவர்கள் உடட்சுத் தெருவிலே வாழ்ந்தவர்களல்லர். அவர்கள் இட்டாடொரி ஆறு ஓடும் மேற்பள்ளத்தாக்கில், வாராபி முதலான கிராமங்களில் வாழ்ந்த உழவர்கள். வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் அவர்கள் கடதாசி வடித்தனர். அவ்வேலையின் வகையைச் சற்று விரித்துச் சொல்லல் தகும். அதனை அறியாதார்க்கு ஒரு தாள் வெறுந் தாளாகவே தோன்றும்.

முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த கோஸோ என்னும் செடியின் தண்டுகளை வெட்டி, ஆவியில் அவித்து, பட்டையை உரிப்பர். கரிய புறத்தோலைச் சுரண்டி நீக்கி, எஞ்சிய வெண்பட்டையைத் தெளிந்த ஆற்றுநீரில் ஊறவிடுவர். பின்னர்ச் சோடாக்காரத்தில் வேகவைப்பர். இதன்மேல் வரும் வேலையே பொறுமையைச் சோதிப்பது. வெந்த பட்டையை ஓடும் நீரிலிட்டு, குனிந்திருந்து, கண்ணுக்குப் புலப்படும் ஒவ்வொரு கருந்துகளையும் தழும்பையும் விரலாற் பொறுக்கி எடுத்தல் வேண்டும். குளிர்காலத்து மலைநீரிற் கைவைத்துச் செய்யும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். தூய்மையான பட்டையைக் கல்லின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து நாராக்குவர். நாரைத் தொட்டிநீரிற் கரைக்கும்போது, தொரொரோ அவோய் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த வழுவழுப்பான சாற்றையும் சேர்ப்பர். இச்செடி நம் வீட்டுத் தோட்டத்து வெண்டிக்கு நெருங்கிய உறவு. வெண்டிக்காயை அரியும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை விளங்கும். இது பசையன்று. நார்களை நீரின் அடியில் மண்டவிடாது மிதக்கச் செய்வதே இதன் தொழில்.

மூங்கிற் சிம்பாலான பாய் பொருந்திய சட்டத்தைத் தொட்டியில் அமிழ்த்தி எடுத்து அசைக்கும் கட்டமே கைத்திறனின் உச்சம். முன்னும் பின்னும் அசைத்தல் எங்கும் உள்ளது. மினோவின் உயர்ந்த கடதாசியாகிய ஹொன் மினோஷியை ஆக்குவோர் பக்கவாட்டிலும் அசைப்பர். இவ்வாறு நெடுக்கும் குறுக்கும் அசைவதனால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுகின்றன. தாள் மெல்லியதாகியும் எளிதிற் கிழியாததாகின்றது. வடித்த ஈரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினும் அவை ஒட்டிக்கொள்ளா. மறுநாள் நீரைப் பிழிந்தபின் ஒவ்வொன்றாய் உரித்தெடுத்துப் பலகையிற் பரப்பி வெயிலில் உலர்த்துவர். இத்தகைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மேகமில்லாத வைகறை வானம் போல ஒரே சீராக ஒளி பரவும். திட்டு இல்லை, நிழல் இல்லை. தாளில் ஒளி சமனாகப் பரவுவது, எவரோ ஒருத்தி குளிர்நீரிற் பொறுக்கியெடுத்த கருந்துகள்களின் கணக்கைப் பொறுத்தது.

இவ்வளவு உழைத்த அக்கிராமத்தார்க்கு உடட்சு எழுந்ததா? எழவில்லை. தாளை வடித்தவர்கள் பள்ளத்தாக்கிலே தாழ்ந்த கூரைகளின் கீழ் வாழ்ந்தனர். வாங்கி விற்றவர்களின் சுவர்களே நகரத்தில் உயர்ந்தன. இது மினோவுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. நெசவுக்கும் தேயிலைக்கும் முத்துக் குளிப்புக்கும் உலகெங்கும் நடந்ததே. எனினும், சுற்றுலாச் செல்வோர் அத்தெருவின் அழகைக் கண்டு வியக்கும்போது இதனையும் நினைவிற் கொள்ளல் நன்று. அங்கே நிற்பவை கட்டடக் கலையின் வெற்றி மாத்திரமன்று. தாள் தாளாக எண்ணி அடுக்கிய ஒரு கணக்குப் புத்தகமும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டு இக்கணக்கை மாற்றி எழுதிற்று. 1911இல் மின்சாரத் தொடர்வண்டி கிபுவிலிருந்து மினோவை எட்டியது. ஆற்றுத் துறை ஓய்ந்தது. இயந்திரக் கடதாசி மலிந்தது. தள்ளுகதவின் கடதாசிக்குப் பதிலாகக் கண்ணாடி வந்தது. முன்னர்ப் பல ஆயிரம் குடும்பங்கள் தாள் வடித்த பள்ளத்தாக்கிலே, 1955ஆம் ஆண்டளவில் எஞ்சியவை ஏறக்குறைய 1,200. முப்பதாண்டு கழித்து, 1985இல், ஏறக்குறைய 40. இத்தகைய வீழ்ச்சி ஓர் ஊரில் ஒரு தலைமுறைக் காலத்திலேயே நிகழ்ந்ததென்றால், அங்கே எத்தனை தொட்டிகள் வற்றின, எத்தனை பிள்ளைகள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர் என்பதைக் கூறவேண்டியதில்லை. நகரத்து வணிகர் வீடுகளும் அமைதியுற்றன. வணிகம் பெருகிய ஊர்களிற் பழைய வீடுகளை இடித்து மாடிக் கட்டடங்கள் எழுப்பினர். வணிகம் தளர்ந்த மினோவில் இடிப்பதற்கும் எவரும் விரையவில்லை. தளர்ச்சியும் சிலவேளைகளிற் பழமைக்குக் காவலாய் நிற்கும் போலும்.

இந்தத் தளர்ச்சியின் நடுவிலே கடதாசிக்கு ஒரு புதிய வழி அயலிலிருந்து திறந்தது. 1951ஆம் ஆண்டிலே, யப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி, ஆற்றின் கீழ்ப்புறத்திலுள்ள கிபு நகருக்கு வந்தார். நீர்க்காகங்களைக் கொண்டு இரவில் மீன் பிடிக்கும் படகுகளைக் கண்டார். கிபுவின் பெயர்பெற்ற கடதாசி வெளிச்சக்கூடுகளையும் கண்டார். அக்கைத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க உதவுமாறு நகரத் தலைவர் அவரை வேண்டினார். மூங்கிற் சிம்பும் கடதாசியும் கொண்டு, உள்ளே மின்குமிழ் வைத்து, நொகுச்சி ஆக்கிய வெண்ணிற விளக்குகளை அவர் 'அகாரி' என்றே அழைத்தார். சிற்பம் கல்லாலும் உலோகத்தாலும் ஆகவேண்டும் என்ற எண்ணத்தை அவை மெல்ல அசைத்தன. 1988இல் இறக்கும்வரை அவர் இவ்விளக்குகளைப் புதிது புதிதாக ஆக்கிக்கொண்டிருந்தார். எடையற்ற ஒன்றும் சிற்பமாகலாம் என்பது மினோ மக்களுக்கு அயலூர்ச் செய்தியன்று. அவர்களுடைய ஆற்றிலேயே நிகழ்ந்தது.

மினோ மாநகராகி நாற்பதாம் ஆண்டாகிய 1994இல் விளக்குக் கலைக் காட்சி தொடங்கிற்று. விதி எளியது. மினோக் கடதாசியைக் கொண்டு ஒளிரும் பொருள் ஒன்றை ஆக்கி அனுப்பலாம். யப்பானின் எப்பகுதியாரும் பங்குபற்றலாம். கலைஞர், கட்டடக் கலை மாணவர், வேலையிலிருந்து இளைப்பாறியோர், இல்லத்தரசிகள் யாவரும் அனுப்புகின்றனர். பாடசாலைச் சிறார்க்குத் தனிப் பிரிவு ஒன்று உண்டு. சிறந்தவற்றுக்குப் பரிசு வழங்கப்படும். பரிசு பெற்றவை சில, நகரத்தின் பழைய கைத்தொழில் மண்டபமாக இருந்த மரக் கட்டடத்தில் ஆண்டு முழுவதும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. விழாவோ நெடுங்காலம் இரண்டே இரவுகளுக்குரியதாக இருந்தது.

மாலை மங்கும்போது அத்தெருவில் நிகழ்வது இது. வீடுகளின் மர அளிகள் முதலிற் கருமையடையும். மேலே உடட்சுச் சுவர்கள் வானத்தின் எஞ்சிய வெளிச்சத்தில் விளிம்பு மாத்திரமாய் நிற்கும். நிலத்தோடு நிலமாக, வாயிற்படிகளின் அருகே, விளக்குகள் ஒவ்வொன்றாய் எழும். ஒன்று விதை முளைப்பது போலும். ஒன்று அலை மடிவது போலும். மற்றொன்று கூடு திறப்பது போலும். சிறுவர் செய்தவற்றில் மீனும் ஆமையும் வீடும் நிலவும் இருக்கும்; சிலவற்றிற் பசை சற்று மிகுந்திருக்கும்; அவற்றின் முன்னேதான் கூட்டம் நெடுநேரம் நிற்கும். வைகாசிப் பௌர்ணமியில் வெசாக் கூடுகளைக் கண்டு பழகிய கண்களுக்கு இக்காட்சி புதியதன்று. வெசாக் கூடு உயரத் தூங்குவது. வண்ணம் பல கொண்டது. மினோ விளக்கு நிலத்தில் அமர்வது. பெரும்பாலும் வெண்மையே அதன் நிறம். குனிந்து நோக்குவோர்க்கே அது தன் நாரின் பின்னலைக் காட்டும்.

கலைவிழாக்களைப் பற்றி நியாயமான ஐயம் ஒன்று உண்டு. பழைய ஊரொன்றைத் திரைச்சீலையாகப் பின்னே தொங்கவிட்டு, எங்கிருந்தோ கொணர்ந்த கலைப்பொருளை முன்னே வைத்து, கூட்டத்தைச் சேர்த்து, விழா முடிந்ததும் குப்பையை விட்டுச் செல்வது எளிது. அத்தகைய விழாக்களில் ஊரார் காவற்காரராகவும் தேநீர் விற்போராகவும் மாத்திரமே இடம்பெறுவர். மினோவின் விழா அவ்வகையின் வேறானது. விளக்கும் வீடும் ஒரே பொருளிலிருந்து பிறந்தவை. வீட்டை எழுப்பிய அதே தாள்தான் வீட்டின் முன் ஒளிர்கின்றது. பல நூற்றாண்டுகளாக உயரத்தில் நின்று பெருமை பேசியது வணிகனின் சுவர். பள்ளத்தாக்குப் பெண் வடித்த தாள் சிப்பத்தினுள்ளே கட்டுண்டு கிடந்தது. இவ்விழா இரவுகளிலோ சுவர் இருளிற் பின்வாங்க, தாள் முன்வந்து ஒளிர்கின்றது. இதனை எண்ணி அமைத்தார்களோ, தானாக அமைந்ததோ, எவ்வாறாயினும் இது நீதியான ஏற்பாடு.

1999ஆம் ஆண்டிலே யப்பானிய அரசு உடட்சுத் தெருக்களை, ஒன்பது ஹெக்டயருக்குச் சற்று மேற்பட்ட பரப்பினை, பேணத்தக்க மரபுக் கட்டடத் தொகுதியாகத் தெரிந்தெடுத்தது. வீட்டின் புறத்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் அனுமதி பெறல் வேண்டும். செப்பனிடுவோர்க்கு உதவி உண்டு. அவ்வாறே, 1969இல் நாட்டின் முக்கிய அருவச் செல்வமாக ஏற்கப்பட்டிருந்த ஹொன் மினோஷி ஆக்கும் கலையை, வேறு இரண்டு ஊர்க் கடதாசிகளோடு சேர்த்து, 2014இல் யுனெஸ்கோ தாபனம் மனிதகுல மரபுப் பட்டியலிற் பதிந்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் வென்றோர்க்கு வழங்கிய சான்றிதழ்கள் மினோவின் கைக்கடதாசியில் அச்சிடப்பட்டன. கியோட்டோவிலுள்ள அரச விருந்தினர் மாளிகையின் தள்ளுகதவுகளிலும் அக்கடதாசி உண்டு.

இத்தனை சிறப்பும் தொட்டியருகே நிற்பவரின் வயிற்றை நிரப்புமா என்பது வேறு கேள்வி. இன்று 'மினோக் கடதாசி' என்ற பெயரில் மூவகை உண்டு. முதலாவது ஹொன் மினோஷி. அடுத்தது பிற கைக்கடதாசி. மூன்றாவது இயந்திரக் கடதாசி. அளவில் மிகுந்து விற்பனையாவது இயந்திரக் கடதாசியே. விளக்குக் கலைக்கு அதுவும் பயன்படுகின்றது; அதிற் குற்றமில்லை. பள்ளிச் சிறுவன் ஒருவன் உயர்ந்த ஹொன் மினோஷித் தாளை வாங்கிக் கத்தரிக்க இயலாது. எனினும், இரண்டு இரவில் வந்து வியக்கும் கூட்டத்தாருட் கைத்தாளுக்கும் இயந்திரத்தாளுக்கும் வேறுபாடு கண்டு, ஒரு தாளையேனும் வாங்கிச் செல்வோர் எத்தனை பேர்? கைக்கடதாசிப் பட்டறைகள் இன்று இருபதுக்கு உட்பட்டவையே. கோஸோ பயிரிடுவோரும், பாய் பின்னுவோரும், சட்டம் செய்வோரும் முதுமை எய்தியுள்ளனர். பாய் பின்னும் ஒருவர் ஓய்ந்தால், தாள் வடிக்கும் பலருடைய கை கட்டுண்டுபோகும். கைத்தொழில் என்பது ஒரு கையின் தொழிலன்று.

இதற்கு ஆறுதலான செய்தியும் உண்டு. தாள் வடிக்கும் தொழிலைக் கற்க வெளியூர்களிலிருந்து இளைஞர் சிலர் வந்து அப்பள்ளத்தாக்கிற் குடியேறியுள்ளனர். அவர்களுட் பெண்களும் உளர். வாராபிக் கிராமத்திலுள்ள கடதாசி நூதனசாலையில், வருவோர் தம் கையாலேயே சட்டத்தை அமிழ்த்தி ஒரு தாள் வடித்துப் பார்க்கலாம். நகரத்திலே, பழைய கடதாசி வணிகரின் மாளிகை ஒன்று 2019இல் விருந்தினர் தங்கும் விடுதியாக்கப்பட்டது. அங்கே தங்குவோர் கடதாசிக் கதவினூடே விடியும் ஒளியிற் கண் விழிக்கின்றனர். ஆளற்ற வீட்டை நூதனசாலையாக்குவதிலும், அங்கே அடுப்பு எரிவது மேல். எரியும் அடுப்பை அவ்வூர் எத்துணை அச்சத்தோடு நோக்கியது என்பது முன்னரே சொல்லப்பட்டது.

சித்திரை மாதத்தில் மினோவுக்கு இன்னொரு விழா உண்டு. மூங்கிற் சிம்புகளில் இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கடதாசிப் பூக்களைத் தொடுத்து, மரம் பூத்தாற்போல எழும் பல்லக்குகளை இளைஞர் தோளிற் சுமந்து, இதே தெருக்களில் ஆரவாரித்துச் செல்வர். அப்பூக்களும் இவ்வூர்க் கடதாசியே. அது தெய்வத்துக்கு எடுக்கும் பழைய விழா. விளக்கு விழா அதற்கு இளையது. இளைய விழாவுக்கு முப்பதாண்டே வயது. முதலாவது ஆண்டில் ஆமை விளக்குச் செய்த பிள்ளைக்கு இன்று அத்தெருவிலே நடந்து செல்லும் பிள்ளைகள் இருத்தல் கூடும்.

ஒக்டோபர் இரவுகள் முடிந்ததும் விளக்குகள் அணைக்கப்பட்டு, ஆக்கியோருக்குத் திருப்பி அனுப்பப்படும். தெரு மறுபடி தன் அளவான இருளுக்குத் திரும்பும். இமாய் இல்லத்து முற்றத்தில், நிலத்தின் கீழே நீர்த்துளி ஓசையிடும். சில வாரங்களில் மலைகளிற் குளிர் இறங்கும். கோஸோச் செடிகள் இலையுதிர்த்து நிற்கும். அவற்றின் தண்டுகளை அடியோடு வெட்டிக் கட்டுவர். உரித்த பட்டையை ஆற்றிலிடுவர். அடுத்த ஆண்டுக் கடதாசியின் கருந்துகளைப் பொறுக்குவதற்கு ஒருவர் தம் கையை நீரில் வைப்பார்.